நில் என்றால் நிற்கிறவள்

சித்தி வேலை பார்க்கும் அறைக்குக் கதவு உண்டு, ஜன்னல் இல்லை. இருந்த ஜன்னலையும் முதலாளி மரப்பலகை வைத்து அடைத்துவிட்டார். காற்று வந்தால் ஈரப் பசையில் மணல் ஒட்டிவிடுமாம். கடலுக்கு எதிரே இருக்கும் அந்தக் கடையில் அலைச்சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடுவார்கள், வருகிறவர்களுக்குச் சறுக்கவும் கற்றுக்கொடுப்பார்கள். பாறையில் மோதியோ ஒன்றோடொன்று இடித்தோ உடைந்த பலகைகள் பின்பக்கம் இருக்கும் சித்தியின் அறைக்கு வரும். அவள் ஓட்டையை அடைத்து, ஃபைபர் துணியை விரித்து, பசை தடவி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பாள். தேய்க்கத் தேய்க்க வெள்ளைத் தூள் பறக்கும். சாயங்காலம் வெளியே வரும்போது புருவம், காது மடல், கழுத்து மடிப்பு எல்லாம் வெளுத்திருக்கும். கடையில் எல்லோருக்கும் அவள் மாவக்கா.

"மாவா இருந்தாதான் பரவாயில்லையே, பிசைஞ்சு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருப்பேன்" என்பாள் சித்தி. மாவு அரிக்காது. இது அரிக்கும். அவள் துணிகளை வீட்டில் தனியாகத்தான் துவைப்பார்கள்.

முதலில் இருமல் சாயங்காலம் மட்டும் வந்தது. பிறகு சிரித்தால் வந்தது. சித்தி சிரிக்காமல் இருக்கக்கூடியவள் இல்லை என்பதால் அப்புறம் எந்த நேரமும் வந்தது. மாஸ்க் போட்டுக்கொண்டுதான் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் அதுவே தூளால் அடைத்துக்கொள்ளும், கழற்றி உதறினால் அந்தத் தூளும் முகத்தில்தான் விழும். பக்கத்துத் தெரு டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "மருந்து நான் தரேன்மா. ஆனா மருந்து ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம்னா தூள்தான் ஜெயிக்கும். அந்த ரூமை விட்டு வெளிய வந்துடு" என்றார்.

சித்தி வேறு இடங்களிலும் கேட்டுப் பார்த்தாள். நாற்பதைத் தாண்டியவளுக்கு யாரும் நாற்காலி எடுத்துப் போடவில்லை. கடையிலேயே இருந்த ஒரே வழி, தண்ணீரில் இறங்கிக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர் வேலை. அதற்கு ஆண்டுக்கொரு முறை வெளியிலிருந்து ஒருவர் வந்து நடத்தும் தேர்வில் தேற வேண்டும். அந்த ஆண்டு ஒரு பயிற்சியாளர் விலகப்போகிறார் என்று பேச்சு. சித்தி போய் முதலாளியிடம் கேட்டாள்.

"பாஸ் பண்ணிட்டு வா, மறுநாளே தண்ணில இறக்கி விடறேன்" என்றார் அவர். "இல்லன்னா இருக்கிற இடத்துல இரு. உனக்காக நான் புதுசா ஒரு வேலையைச் செஞ்சா தர முடியும்?"

கோபமாகச் சொல்லவில்லை. செருப்பு அளவு சரியில்லை என்று கடைக்காரர் சொல்வதுபோலச் சொன்னார்.

சித்திக்கு நீச்சல் நன்றாகத் தெரியும். மூழ்குகிறவரை இழுத்துக்கொண்டு வருவதிலும் பயமில்லை. நிற்பதுதான் வரவில்லை. பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் துழாவிப் போக வேண்டும். அலை பின்னால் வந்து தூக்கும் அந்த நொடியில் இரண்டு கையையும் ஊன்றி, நெஞ்சை உயர்த்தி, கால்களை உள்ளே இழுத்து எழுந்துவிட வேண்டும். மேசைமேல் குனிந்து குனிந்து தேய்த்தே வருஷங்களைக் கழித்த உடம்பு அது. இடுப்பு மடங்கவில்லை. முட்டி பலகையில் இடித்து, ஒவ்வொரு முறையும் கவிழ்ந்தாள்.

அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் கடையின் மூத்த பயிற்சியாளன், கொக்கு. நீளமான கால்கள். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றே போன் பேசுவான். சித்தியைவிடப் பத்து வயது சின்னவன், வாயில் மட்டும் சமவயது.

"அக்கா, உங்களுக்கு இருக்கிறது இடுப்பு இல்ல, தூண்."

"கல்யாணத்தப்போ கொடி மாதிரி இருந்துச்சுடா."

"கொடியைக் காய வெச்சா விறகுதான்."

"வாயைக் கழுவிட்டு வா. வழி இருந்தா சொல்லு, இல்லன்னா போய் வாளியக் கழுவு."

"யோகா போங்கக்கா. நெஜமாத்தான் சொல்றேன். அதுல பாம்பு மாதிரி ஒண்ணு இருக்கு, நெஞ்சைத் தூக்கறது. பாதி வேலை அதுதான். மூச்சுக்கும் நல்லது."

மூச்சுக்கு நல்லது என்றதும் சித்தி சேர்ந்துவிட்டாள்.

யோகா வகுப்பு ஒரு டயர் கடையின் மாடியில் நடந்தது. மூச்சை ஆழமாக இழுங்கள் என்றால் ரப்பர் வாசனைதான் ஆழமாக உள்ளே போகும். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. நடக்கப் பழகிய அவளுடைய மகளை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அதனால் அந்தச் சின்னவளும் வகுப்புக்கு வருவாள். பாய்களுக்கு நடுவில் தத்தித் தத்தி அலைவாள், யாருடைய தலைமுடியாவது கைக்கு எட்டினால் இழுப்பாள், கதவு திறந்திருந்தால் நேராக மாடிப்படிக்குப் போவாள்.

டீச்சருக்கு ஒரு வழக்கம். ஒவ்வொரு ஆசனத்திலும் உடம்பை உரிய நிலைக்குக் கொண்டுவந்ததும், "நில்" என்பாள். அசையாமல் அப்படியே இருக்க வேண்டும் என்று அர்த்தம். சில சமயம் நீட்டி, "நில்... நில்லு..." என்பாள். மகள் படியை நோக்கி ஓடும்போது உரக்க, "நில்லு!" என்பாள். சொன்னது குழந்தைக்கா நமக்கா என்று யாருக்கும் தெரியாது. குழந்தை நிற்காது. பாயில் இருந்தவர்கள் எல்லோரும் சிலைபோல நிற்பார்கள். டீச்சர் ஓடிப்போய் அவளைத் தூக்கி வந்து, மூக்கைத் துடைத்துவிட்டு, "ம், விடுங்க" என்று சொல்லும்வரை பாம்புகள் படத்தை இறக்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும்.

"மத்தவங்கள்ளாம் ஏமாத்தி இறங்கிடறாங்க" என்று சித்தி என்னிடம் பெருமையாகச் சொன்னாள். "நான் மட்டும்தான் கடைசி வரைக்கும் இருப்பேன். டீச்சர் என்னைத்தான் காட்டுவாங்க, மாவக்காவைப் பாருங்கன்னு."

அங்கேயும் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்திருந்தது.

வீட்டிலும் பழகினாள். சமையலறைக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற இடம்தான். சித்தப்பா வேன் ஓட்டுகிறவர், சாமான்களை வீடு வீடாக இறக்குவது அவர் வேலை. சாப்பாட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டு அவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"ஏன்டி, நான் வீட்டுக்குள்ள வந்தாலே படமெடுக்கிறியே, இன்னைக்கு என்ன தப்பு பண்ணேன்?"

"பேசாதீங்க. மூச்சை உள்ள இழுத்திருக்கேன்."

"எப்ப விடுவ?"

"நீங்க தாண்டிப் போனதும்."

"அப்ப நான் இங்கயே உக்காந்து சாப்பிடறேன். கொஞ்ச நேரம் வீடு அமைதியா இருக்கும்."

அவள் சிரித்தாள். சிரித்ததும் இருமல் வந்தது. சித்தப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் முதுகைத் தடவினார். அந்த வீட்டில் நகைச்சுவை எல்லாம் இப்படித்தான் முடிந்துகொண்டிருந்தது.

மாதங்கள் போயின. இடுப்பு உண்மையாகவே வளைந்தது. மணலில் பலகையைப் போட்டு, படுத்த நிலையிலிருந்து எழுந்து காட்டச் சொன்னால், பூனை தாவுவதுபோல ஒரே வீச்சில் எழுந்து நின்றாள். கொக்கு கைதட்டினான். தண்ணீருக்குள் போனதும் கதை மாறியது. இப்போது அவள் கவிழவில்லை, எழவும் இல்லை. அலை தூக்கும்போது சரியாகக் கையை ஊன்றினாள், நெஞ்சை உயர்த்தினாள், அத்தோடு சரி. அந்தக் கரையில் பயிற்சியாளர்கள் எல்லோரும் பலகையைத் தள்ளிவிட்டுச் சொல்வது ஒரே சொல்தான். கொக்கும் பின்னாலிருந்து, "நில்லு! நில்லு!" என்று கத்தினான். அவன் கத்தக் கத்தச் சித்தியின் முழங்கை இன்னும் இறுகியது. தலையை நிமிர்த்தி, கண்ணை நேராக வைத்து, ஏதோ ஊர்வலத்தில் வருகிறவள்போல அலைமேல் படுத்தபடியே கரைக்கு வந்து சேர்ந்தாள்.

"அக்கா, மணல்ல பறக்கறீங்க. தண்ணில ஏன்க்கா படுத்துக்கறீங்க?"

"தெரியலடா. எழணும்னு நெனைக்கிறேன். கை விட மாட்டேங்குது."

"பயமா?"

"பயமா இருந்தா கரையிலயே இருந்திருப்பேனே."

இப்படியே நாட்கள் ஓடின. தண்ணீரிலிருந்து வந்ததும் அவள் ஈரத் துணியை மாற்றிக்கொண்டு பின்னறைக்குப் போய்த் தேய்க்கத் தொடங்குவாள். தலை ஈரமாக இருந்ததால் தூள் முன்னைவிட நன்றாக ஒட்டியது.

ஒரு சனிக்கிழமை நானும் அவளோடு யோகா வகுப்புக்குப் போயிருந்தேன், சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் பாம்பு நிலைக்கு வரும் நேரம். சித்தி கையை ஊன்றி நெஞ்சைப் பாதி தூக்கியிருந்தாள். குழந்தை படியை நோக்கி ஓடியது. "நில்லு!" என்றாள் டீச்சர். சித்தியின் முழங்கைகள் தாமாகப் பூட்டிக்கொண்டதை நானே பார்த்தேன். அடுத்த நிமிஷம் அவள் அந்த நிலையிலேயே சிரிக்க ஆரம்பித்தாள். டீச்சர் திகைத்துப்போனாள். சித்தி இருமிக்கொண்டே எழுந்து, வெளியே போய், படியில் உட்கார்ந்து கொக்குக்குப் போன் போட்டாள்.

"டேய், நீ தண்ணில என்னை நிக்கச் சொல்றியா, நிறுத்தச் சொல்றியா?"

அவன் என்ன சொன்னானோ.

"ரெண்டுக்கும் நில்லுதான்டா, அதுதான்டா கோளாறு! இங்க நில்லுன்னா ஆடாம அசையாம அப்படியே இருக்கணும். நான் இத்தனை மாசமா அதைத்தான்டா பழகியிருக்கேன். நீ நில்லுங்கற, நான் நின்னுடறேன். படுத்துக்கிட்டே நின்னுடறேன்!"

மறுநாளே வேறு சொல் தேடினார்கள். நானும் மணலில் இருந்தேன்.

"எழுன்னு சொல்லட்டுமா?" என்றான் கொக்கு.

"அது ஏதோ செத்தவங்கள எழுப்பற மாதிரி இருக்கு. வேண்டாம்."

"எந்திரி?"

"அது எங்க வீட்டுக்காரர் காலையில சொல்றது. அதைக் கேட்டா இன்னும் கொஞ்சம் படுத்துக்கலாம்னுதான் தோணும்."

"அப்ப என்னதான் சொல்றது? பேர் சொல்லிக் கூப்பிடவா?"

"மேலன்னு சொல்லு. மேல! அது போதும்."

முதல் நாள் பயனில்லை. இரண்டாம் நாளும் இல்லை. அந்த வாரத்தில் ஒரு காலை, பெரிய அலைகூட இல்லை அது, கொக்கு "மேல!" என்று கத்தினான், சித்தி எழுந்தாள். முழங்கால் மடங்கி, கைகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து, வாய் திறந்தபடி, கரையில் மணல் தட்டும்வரை நின்றே வந்தாள். இறங்கியதும் பலகையைத் தூக்கக்கூட இல்லை. என்னிடம் வந்து ஈரக் கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியாடி?" என்றாள். பார்த்தேன் என்றேன். "நெஜமா பாத்தல்ல?" என்று திரும்பக் கேட்டாள்.

அன்று முழுக்க அவள் அறையிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டதாகக் கடையில் சொன்னார்கள்.

தேர்வுக்கு அதிக நாள் இல்லை. பழகிய சொல்லை உடம்பிலிருந்து கழற்ற யோகாவை நிறுத்திவிடலாமா என்று யோசித்தாள். நிறுத்தினால் இருமல் கூடியது. அதனால் போனாள். டீச்சரிடம் வேறு சொல் சொல்லும்படி கேட்டுப் பார்த்தாள். டீச்சர் சரியென்று தலையாட்டினாள், "இருங்க" என்று சொல்லிப் பார்த்தாள். ஆனால் மகள் படியை நோக்கி ஓடும்போது யாருக்குத்தான் சொல் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்கும்?

தேர்வு நாளில் கடல் முரண்டு பிடித்தது. தேர்வாளர் குடைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நீச்சலில் சித்தி தேறினாள். மூழ்குகிறவரைக் காப்பாற்றிக் கொண்டுவருவதிலும் தேறினாள், அதில் அவள்தான் முதல். கடைசியில் சறுக்கு. விசில் ஒலிப்பதற்குள் ஒரே ஒரு அலையில் எழுந்து நின்று கரைவரை வந்தால் போதும். உடன் யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது. கரையிலிருந்து கத்தலாம்.

நாங்கள் யாரும் நினைக்காத ஒன்று அதில் இருந்தது. மற்றக் கடைகளிலிருந்து வந்தவர்களும் அதே தண்ணீரில், அதே நேரத்தில் இருந்தார்கள். கரை முழுக்க அவரவர் ஆட்கள் வரிசையாக நின்று தொண்டை கிழியக் கத்தினார்கள். "நில்லு! நில்லு! நில்லு!" அதற்கு நடுவில் கொக்கு ஒருவன் மட்டும் "மேல!" என்று கத்திக்கொண்டிருந்தான். சித்தப்பாவும் கத்தினார். வேனை நிறுத்திவிட்டு வந்திருந்தார், இன்னும் வேலைச் சட்டையில்தான் இருந்தார். நானும் கத்தினேன். காற்று எங்கள் பக்கமிருந்து வீசவில்லை, எங்கள் "மேல" அந்தக் கூச்சலைத் தாண்டவில்லை.

முதல் அலையில் அவள் நெஞ்சை உயர்த்தியதும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. கை பூட்டிக்கொண்டது. படுத்தபடியே வந்தாள். திரும்பப் போனாள். அடுத்த அலை அவளைத் தாண்டிப் போனது. அதற்கடுத்ததில் மறுபடி நிமிர்ந்த தலை, நேரான பார்வை, அசையாத முழங்கை. பக்கத்தில் இருந்த யாரோ, "அந்தம்மா என்ன, வேடிக்கை பாத்துக்கிட்டு வராங்களா?" என்று சிரித்தார். சித்தப்பா திரும்பி அவரைப் பார்த்தார். கடைசி அலையில் ஒரு முட்டியை உள்ளே இழுத்தாள். அப்போது விசில் ஒலித்தது.

தேர்வாளர் நல்ல மனிதர். அவரே எழுந்து வந்து சொன்னார். "மத்ததெல்லாம் ரொம்ப நல்லா பண்ணீங்க. ஆனா படுத்துக்கிட்டு வர்றதைக் கணக்குல எடுத்துக்க முடியாதும்மா. அடுத்த வருஷம் வாங்க."

"எழுந்திருக்கத் தெரியும் சார்" என்றாள் சித்தி. மூச்சு வாங்கியது. "நில்லுன்னு கத்தினாங்க சார்."

"ஆமாம்மா, அப்ப நிக்க வேண்டியதுதானே?"

சித்தி அவரை ஒரு கணம் பார்த்தாள். விளக்கப்போகிறாள் என்று நினைத்தேன். "ஆமா சார்" என்று மட்டும் சொன்னாள்.

விலகிய பயிற்சியாளரின் இடத்துக்கு வேறு கடையிலிருந்து தேறிய ஒருத்தியை முதலாளி எடுத்துக்கொண்டார். நல்ல பெண். கற்றுக்கொள்ள வருகிறவர்களை அவள் பாறைப் பக்கம் விட்டுவிடுவதால் உடைகிற பலகைகள் கொஞ்சம் அதிகமாயின. சித்தியின் வேலை கூடியது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று கொக்கு சொன்னான். அடுத்த வருஷம் யாரும் விலகுவதாக இல்லை, அது அவனுக்கும் தெரியும்.

காலையில் கடலில் இறங்குவதை அவள் விட்டுவிட்டாள். யோகாவை விடவில்லை. பாயில் உட்கார்ந்து மூச்சை இழுத்து விட்டால் அன்றைக்குக் கொஞ்சம் தூங்க முடிந்தது. அதற்காக மட்டும் போனாள்.

மழைக்காலம் முடிந்ததும் முதலாளி கடையில் எல்லோரையும் உடம்புப் பரிசோதனைக்கு அனுப்பினார். காப்பீட்டுக்காரர்கள் கேட்டார்களாம். கடையே ஏற்பாடு செய்த டாக்டர், பெரிய கட்டடம், குளிர்ந்த அறை. சித்தப்பாவுக்கு அன்று வேன் ஓட்டும் வேலை இல்லை, நாங்கள் மூவரும் போனோம். நர்ஸ் ஒரு குழாயைக் கொடுத்து, முடிந்தவரை இழுத்து, நிறுத்தாமல் ஊதச் சொன்னாள். சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். வயிறு வரைக்கும் மூச்சை இறக்கி, சீராக, கொஞ்சமும் சிதறாமல் ஊதினாள். நர்ஸ் திரையைப் பார்த்துவிட்டு, "அடேயப்பா" என்றாள்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கொஞ்சம் தூசி படிஞ்சிருக்கு. ஆனா உங்க வேலையில இருக்கிறவங்களுக்கு இவ்வளவு மூச்சு நான் எதிர்பார்க்கல. என்ன பண்றீங்க?"

"யோகா போறேன்."

"அதானே பார்த்தேன். விட்டுடாதீங்க. மாஸ்க் போட்டுக்கிட்டு இதே வேலையைத் தாராளமாப் பார்க்கலாம். கடைக்கும் அப்படித்தான் எழுதி அனுப்பறேன்."

சித்தப்பா ஏதோ கேட்க வாயெடுத்தார். டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

நடைபாதையில் வரிசையாக நாற்காலிகள் இருந்தன. சித்தி ஒன்றில் உட்கார்ந்தாள். அழவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் அவள் யோகாவுக்குப் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. பாய் சுருட்டியபடி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. இருமல் பழைய இடத்துக்கே வந்தது. ஒரு நாள் காலையில் நான் போயிருந்தபோது அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், சித்தப்பா அவளை விடவில்லை.

"சறுக்குக்காக வேண்டாம், பரீட்சைக்காக வேண்டாம். மூச்சுக்காகவாவது போயேன்."

"மூச்சு நல்லா இருந்தா அந்த ரூமுலயே இருன்னு எழுதிக் குடுக்கறாங்க."

"அதுக்காக?"

"மோசமா இருந்தா வேலைக்கே லாயக்கில்லன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. போன மாசம் பலகைக்கு மெழுகு பூசற ஆளை அப்படி அனுப்பல? சொல்லுங்க. நான் எப்படித்தான் மூச்சு விடணும்?"

கேலி மாதிரிதான் கேட்டாள். அவள் சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்தாள், மாஸ்க்கை எடுத்து வாசலில் ஒரு முறை உதறினாள், செருப்பைத் தேடினாள். ஒரு செருப்பு கட்டிலுக்குக் கீழே போயிருந்தது. சித்தப்பா குனிந்து அதை எடுத்து அவள் காலருகே வைத்தார்.